நாய் கடிச்ச இடமும் முதலாளி திட்டின இடமும்

பூவாணிக்குளத்தில் புத்திசாலிகளும் இருந்தார்கள். அவர்களெல்லாம் வேறு அலுவலகங்களில் வேலை பார்த்தார்கள். வேலாயுதம் கட்டுமான நிறுவனத்துக்கு வாய்த்தவர்கள் மூன்று பேர்.

முதலாமவர் மேனேஜர் மாசிலாமணி. ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, செய்தது சரிதானா என்று உட்கார்ந்து வருந்தி யோசிக்கிறவர். செய்வதற்கு முன்னாலும் யோசிக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாமவர் கணக்கர் ஆவுடையப்பன். பின் அறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு மென்பொருள் அவர் பொறுப்பு. மூன்றாவது செல்லக்கனி. எந்தக் கட்டடத்தில் ஆட்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று பதிகிற மென்பொருள் முன் அறையில் இருந்தது. அது அவள் பொறுப்பு.

இரண்டு மென்பொருளும் ஒரே வேலைகளைப் பற்றித்தான் பேசின. ஆனால் ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. கணக்கில் இருந்தவை ரசீதில் போடுகிற பேர்கள். 'தாமோதரன், சுற்றுச்சுவர்' என்று மரியாதையாக இருக்கும். நேரப் பதிவில் இருந்ததோ சூசை மேஸ்திரி வைத்த பேர்கள். சூசை மேஸ்திரி ஒரு வேலைக்குப் போன முதல் நாள் அங்கே என்ன நடக்கிறதோ அதையே அந்த வேலைக்குப் பேராக வைத்துவிடுவார். அதனால் செல்லக்கனியின் திரையில் 'நாய் கடிச்ச இடம்', 'முறைக்கிற அம்மா மாடி', 'பாதியில நின்ன படி' என்றெல்லாம் இருந்தன.

வேலாயுதம் முதலாளி ஒருநாள் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்ல, இது ரெண்டும் ஒரே கம்பெனியா?"

"ஆமா அண்ணாச்சி" என்றார் மாசிலாமணி.

"சனிக்கிழமை வாரேன். இந்தப் பக்கம் உள்ளதுக்கும் அந்தப் பக்கம் உள்ளதுக்கும் ஜோடி சேர்ந்திருக்கணும். ஒண்ணு பாக்கி இருந்தாலும் மாசிலாமணி, நீரு கிடங்குக்குப் போயிரும்."

கிடங்கு ஊருக்கு வெளியே, செங்கல் சூளையையும் தாண்டி இருந்த தகரக் கொட்டகை. அங்கே சிமென்ட் மூட்டைகளும், ஒரு காலத்தில் மின்விசிறி தொங்கிய கொக்கியும் உண்டு. அலுவலகத்தில் மாசிலாமணியின் நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே டீக்கடை. கையைத் தூக்கினால் டீ வரும். உழைத்து உழைத்து அவர் சேர்த்த சொத்து அந்த ஜன்னல்தான்.

மென்பொருள் விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள்.

"ரொம்ப ஈஸி சார். இந்தப் பக்கம் இருக்கற ஒவ்வொரு வேலைக்கும் அந்தப் பக்கம் ஒரே ஒரு வேலை. பேரை மட்டும் மாத்திடாதீங்க, பழைய பதிவெல்லாம் போயிடும். ஊகத்துல எதையும் இணைக்காதீங்க. நேர்ல போய்ப் பாருங்க. ஒத்துப்போனா இணையுங்க. ஒத்துப்போகலைன்னா எது தப்போ அதைச் சரி பண்ணுங்க. அவ்வளவுதான்."

போனை வைத்ததும் மூவரும் ஆலோசனையில் இறங்கினார்கள்.

"எது தப்போ அதைச் சரி பண்ணணுமாம். எது தப்பா இருக்கும்?" என்றார் மாசிலாமணி.

"சாப்ட்வேர் தப்பா இருக்காது சார். அது மெட்ராஸ்ல செஞ்சது" என்றாள் செல்லக்கனி.

"அப்ப நம்ம ஊருதான் தப்பா இருக்கணும்" என்றார் ஆவுடையப்பன்.

அந்தத் தெளிவு பிறந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. 'பள்ளிக்கூடக் கக்கூஸ்' என்பது இரண்டு பக்கமும் ஒரே பேரில் இருந்தது. பார்த்தார்கள், இருந்தது, இணைத்தார்கள். மீதி நான்கு.

சூசை மேஸ்திரியையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார்கள்.

"நாய் கடிச்ச இடம் எது மேஸ்திரி?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"நீருதானவே எழுதச் சொன்னது?"

"மறக்கிறதுக்குத்தான சார் எழுதி வைக்கிறது? ஞாபகம் வச்சிக்கிடணும்னா எதுக்கு எழுதணும்?"

இது மூவருக்கும் நியாயமாகவே பட்டது.

முதலில் தாமோதரன் வீட்டுச் சுற்றுச்சுவருக்குப் போனார்கள். அங்கே ஒரு நாய் இருந்தது. ஆனால் நாய் இருப்பதும் நாய் கடிப்பதும் ஒன்றாகுமா? ஊகத்தில் இணைக்கக் கூடாது. கடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

"யாரைக் கடிக்கணும்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"கடி வாங்குறது கணக்குப் பிரிவுல வராது சார். கடிச்ச பொறவு ஊசிச் செலவு வந்தா, அதுதான் என்கிட்ட வரும்" என்றார் ஆவுடையப்பன்.

"நான் எத்தனை மணிக்குக் கடிச்சுதுன்னு பதியணும். கடியும் வாங்கிக்கிட்டு பதியவும் முடியாது" என்றாள் செல்லக்கனி.

மாசிலாமணி ஜன்னலை நினைத்துக்கொண்டார். வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நாயின் முன்னால் போய் நின்றார். நாய் அவர் காலை மோந்து பார்த்துவிட்டு நக்கியது.

ஓய்வுபெற்ற தபால்காரரான தாமோதரன் வாசலுக்கு வந்தார். "என்ன செய்யுதிய?"

"உங்க நாயைக் கடிக்கச் சொல்லுங்க. ஆபீஸ் காரியமா வந்திருக்கோம்."

"அதுக்குப் பல்லே இல்லையேய்யா! விழுந்து வருசமாச்சு."

மூவரும் தள்ளிப் போய்ப் பேசினார்கள்.

"பல்லு இருக்கணும்னு சாப்ட்வேர்ல போட்டிருக்கா?" என்றார் ஆவுடையப்பன்.

அதே மென்பொருள் இருந்த தன் போனில் செல்லக்கனி பார்த்தாள். "இல்ல. 'நாய் கடிச்ச இடம்'னுதான் இருக்கு. ஆனா சார், கால் மணி நேரத்துக்குக் குறைஞ்சு எதைப் போட்டாலும் இது எடுத்துக்கிடாது. ஒரு கடின்னா கால் மணி நேரமாவது இருக்கணும்."

தாமோதரன் பிஸ்கட் கொண்டுவந்தார். நாய் வாயைத் திறந்ததும் மாசிலாமணி தம் கெண்டைக்காலை உள்ளே வைத்தார். நாயும் நல்ல மனதோடு வாயை மூடிக்கொண்டது. சிறிது நேரத்தில் காலை வாயில் வைத்தபடியே தூங்கியும் போயிற்று. கால் மணி ஆனபோது அதை எழுப்ப மனமில்லாமல் மாசிலாமணி மேலும் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஜோடி சேந்தாச்சு!" என்று செல்லக்கனி திரையில் விழுந்த பச்சை டிக்கைக் காட்டினாள்.

திரும்பும் வழியில் மாசிலாமணி கேட்டார். "ஏம்மா, நாம செய்தது சரிதானா?"

"பச்சை டிக் விழுந்திருச்சே சார்."

அவர் நாய் நக்கிய கெண்டைக்காலை வேட்டியால் துடைத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்தது 'முறைக்கிற அம்மா மாடி'. கணக்கில் 'திருமதி விசாலாட்சி, முதல் மாடி' என்று இருந்தது. போய்க் கதவைத் தட்டினார்கள். விசாலாட்சி அம்மாள் கதவைத் திறந்து, முகம் மலர, "வாங்க வாங்க! உங்க ஆளுக மாடியை எவ்வளவு அம்சமா கட்டிக் கொடுத்திருக்காக!" என்று உட்காரவைத்து, காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்.

மூவர் முகமும் வாடிப்போயிற்று.

"இந்தம்மா இல்ல சார். இது சிரிக்கிற அம்மா" என்று ஆவுடையப்பன் மெல்லச் சொன்னார்.

"ஏதாவது செஞ்சு பாப்போம்வே. முறைச்சாலும் முறைக்கும்" என்றார் மாசிலாமணி.

மாசிலாமணி தண்ணீரைக் கேட்டு வாங்கி மடியில் கொட்டிக்கொண்டார். அம்மாள் துண்டு கொடுத்தார். ஆவுடையப்பன் புது மாடியில் செருப்போடு ஏறி இறங்கினார். "பரவால்ல, தரைதானே" என்றார் அம்மாள். மாசிலாமணி எழுந்து நின்று, "அம்மா, உங்க மாடி இடிஞ்சு விழுந்தாலும் விழும்" என்றார். "விழுந்தா நீங்களே வந்து கட்டிருவீகல்லா?" என்று அவர் சிரித்தார்.

மாசிலாமணியின் கண்ணில் கிடங்கின் கொக்கி ஆடியது.

அப்போது செல்லக்கனி முறுக்கைக் கடித்துவிட்டு, வேறு எந்த எண்ணமும் இல்லாமல், "இது எந்தக் கடையில வாங்கினது பெரியம்மா?" என்று கேட்டாள்.

அம்மாளின் சிரிப்பு நின்றது. கண்கள் விரிந்தன. புருவம் நெற்றி மேலே ஏறியது. "கடையிலயா? நான் விடியக்காலம் எந்திரிச்சு கையால சுத்தினது!"

"முறைக்கிறாக! முறைக்கிறாக!" என்று ஆவுடையப்பன் துள்ளினார்.

"கால் மணி நேரம் விடாம முறைக்க வைங்க" என்று செல்லக்கனி நேரத்தைத் தட்டினாள்.

முறைப்பு குறைகிற போதெல்லாம் மாசிலாமணி, "கடை முறுக்குல உப்பு இன்னும் கொஞ்சம் சரியா இருக்கும்" என்பார். ஆவுடையப்பன், "எங்க வீட்டம்மா இதைவிட மெல்லிசா சுத்துவா" என்பார். ஒருதரம் அம்மாளுக்கு அழுகை வரப் பார்த்தது. "அழாதீங்க பெரியம்மா, அழுகை இதுல பதிவாகாது" என்று செல்லக்கனி ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலில் பிறந்த முறைப்பு இன்னும் ஐந்து நிமிஷத்துக்கு வந்தது.

கால் மணி முடிந்ததும் மூவரும் எழுந்து கும்பிட்டு, "ரொம்ப நன்றி, முறைச்சது போதும்" என்றார்கள். பின்னால் கதவை அறைந்து சாத்திய சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

வெள்ளிக்கிழமை 'பாதியில நின்ன படி'. கணக்கில் 'ராசாத்தி திருமண மண்டபம், மாடிப்படி' என்று இருந்தது. மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் படி எங்கேயும் நிற்கவில்லை. கீழிருந்து மாடிவரை முழுசாக, கைப்பிடியோடு, பளபளவென்று போயிற்று.

மாசிலாமணி படியின் அடியில் நின்று வெகுநேரம் மேலே பார்த்தார். "ஒருவேளை அன்னைக்குப் பாதியில நின்னிருக்கும். அதுக்கப்புறம் முடிச்சிருப்பாக."

"அது ஊகம் சார்" என்றாள் செல்லக்கனி.

"பேரை மாத்தக் கூடாது" என்றார் ஆவுடையப்பன்.

"அப்ப தப்பு படியிலதான்" என்றார் மாசிலாமணி. சொல்லும்போதே அவருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்தல் என்பது அவருக்கு எப்போதும் இருப்பதுதான். இது எதற்கான உறுத்தல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சூசை மேஸ்திரியும் ஆட்களும் சம்மட்டியோடு வந்தார்கள்.

"மேல் பாதியா, கீழ்ப் பாதியா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"கீழ்ப் பாதியை எடுத்தா மேல் பாதி எங்கிருந்து ஆரம்பிக்கும்? ஆரம்பிக்காதது எப்படி பாதியில நிக்கும்?" என்றார் மாசிலாமணி.

மற்றவர்கள் அவருடைய அறிவை மெச்சிக்கொண்டார்கள். பிறகு மேல் பாதியை இடித்தார்கள். படி பாதியில் நின்றது. பச்சை டிக் விழுந்தது. புழுதி அடங்கிய பிறகுதான் மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. சாப்பிட்டுவிட்டு மேலே படுத்திருந்த மண்டபத்தின் உரிமையாளர், முறிந்த படியின் விளிம்பில் வந்து நின்றார்.

"யோவ்! நான் எப்படிய்யா இறங்குறது?"

"நீங்க இறங்குறது எங்க பதிவுல இல்லீங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு மாசிலாமணி புறப்பட்டார். மனசு கேட்காமல் பாதி வழியில் திரும்பிப் போய், ஒரு கயிற்றில் கட்டி இரண்டு வாழைப்பழம் மேலே அனுப்பினார்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. செல்லக்கனியின் பக்கம் 'முதலாளி திட்டின இடம்'. ஆவுடையப்பன் பக்கம் 'கிடங்கு, கூரை'.

"இணைச்சிருவோமா? வேற எதுவும் பாக்கி இல்லையே" என்றார் ஆவுடையப்பன்.

"ஊகம்" என்றாள் செல்லக்கனி.

"சரி. அப்ப முதலாளி கிடங்குல வந்து திட்டணும். கால் மணி நேரம்."

மாசிலாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுப் பாருங்கவே. எல்லாம் பொருந்தினா முதலாளிக்குச் சந்தோசம். சந்தோசமா இருந்தா திட்ட மாட்டாரு. திட்டலைன்னா பொருந்தாது. பொருந்தலைன்னா திட்டுவாரு. திட்டினா பொருந்திரும். பொருந்தினா எதுக்குத் திட்டணும்?"

ஆவுடையப்பன் இதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். விரல் தீர்ந்ததும் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காலை முதலாளி ஜீப் அலுவலக வாசலில் கிரீச்சென்று நின்றது. மண்டப உரிமையாளர் மாடியிலிருந்தபடியே அவருக்குப் போன் போட்டிருந்தார். வந்த வேகத்தில் முதலாளி கதவை உதைத்துத் திறந்தார்.

"ஏல மாசிலாமணி! கூறுகெட்ட மூதேவி! எவன்ல சொன்னது படியை இடிக்க—"

மூவரும் ஒரே நேரத்தில் பதறி எழுந்தார்கள்.

"அண்ணாச்சி! இங்க வேண்டாம்! இங்க திட்டாதீங்க!" என்று மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"இங்க திட்டினா இடம் மாறிப் போயிரும் அண்ணாச்சி!" என்று செல்லக்கனி கெஞ்சினாள்.

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலாளியின் வாயைப் பொத்தினார். மரியாதையாகத்தான் பொத்தினார், இரண்டு கையாலும். முதலாளியை அப்படியே தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். டிரைவரிடம் கிடங்குக்கு ஓட்டச் சொன்னார்கள். வழியில் துண்டு நழுவியபோது முதலாளி மறுபடியும் ஆரம்பித்தார்.

"ரோட்டுல வேண்டாம் அண்ணாச்சி, இது கவர்மென்ட் இடம்" என்றாள் செல்லக்கனி.

மாசிலாமணி வண்டியை நிறுத்தி, சர்பத் வாங்கி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கொடுத்தார். எலுமிச்சை சேர்த்த நன்னாரி சர்பத். முதலாளிக்கு அது பிடிக்கும். கிடங்கு வரும்வரை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

அதுதான் தப்பாகிவிட்டது. கிடங்கு வாசலில் இறங்கியபோது முதலாளிக்குக் கோபம் ஆறிப்போயிருந்தது. கூரையின் மேல் சூசை மேஸ்திரி தகரம் அடித்துக்கொண்டிருந்தார். முதலாளி அதை நிதானமாகப் பார்த்தார்.

"இப்பத் திட்டுங்க அண்ணாச்சி" என்றார் மாசிலாமணி.

"எதுக்கு?"

"படியை இடிச்சதுக்கு."

"ஆங்!" முதலாளிக்கு நினைவு வந்தது. கை ஓங்கித் திட்ட ஆரம்பித்தார். படியைச் சொன்னார். மண்டபத்துக்காரரைச் சொன்னார். அவர் கல்யாணத்தின்போது பந்தல் போட்டவனையும் சொன்னார். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. ஒரு சிமென்ட் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி, போனைப் பார்த்தபடி.

"போதும்மா. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மாசிலாமணியின் ஜன்னல், டீக்கடை, அவர் கை தூக்கும் அழகு எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் தொங்கின. அவர் முதலாளியின் காலடியில் உட்கார்ந்தார்.

"நான் எடுத்துக் கொடுக்கேன் அண்ணாச்சி. நீங்க திட்டினா மட்டும் போதும். நேத்து ஒருத்தரை மாடியில விட்டுட்டு வந்தேன். வாழைப்பழம் அனுப்பினேன், அதுவும் கனியாத பழம்."

"கனியாத பழமால அனுப்பின, பாவி!"

"விசாலாட்சி அம்மா வீட்டுல வயிறு நிறைய முறுக்கைத் தின்னுட்டு கடை முறுக்குன்னேன்."

"தின்ன வீட்டுக்கு ரெண்டகம்!"

"எதைச் செஞ்சாலும் சரிதானான்னு பின்னால யோசிக்கேன் அண்ணாச்சி. முன்னால ஒருநாளும் யோசிச்சதில்ல."

வேறு யாருக்கும் தெரியாத குற்றங்கள் அவரிடம் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதலாளிக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்றார். நரம்பு புடைக்க, கூரை அதிரக் கத்தினார்.

"உனக்கெல்லாம் ஜன்னல் ஒரு கேடா? திங்கக்கிழமையே நீ இங்க வந்திரணும்! இந்தக் கிடங்குலதான் உனக்கு வேலை! இந்த மூட்டை மேலதான் உனக்கு நாற்காலி!"

"கால் மணி ஆச்சு!" என்று செல்லக்கனி கூவினாள். "பச்சை! எல்லாம் பச்சை!"

ஆவுடையப்பன் கை தட்டினார். டிரைவரும் எதற்கென்று தெரியாமல் தட்டினார். மாசிலாமணிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஒன்றுகூட பாக்கி இல்லை. முதலாளி கேட்டது நடந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கூரை மேலிருந்து சூசை மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

தமக்கு என்ன ஆயிற்று என்பது மாசிலாமணிக்கு மறுநாள்தான் புரிந்தது.

திங்கட்கிழமை அவர் கிடங்கில், மின்விசிறி இல்லாத கொக்கிக்குக் கீழே, சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். டீ வரவில்லை. அப்போது ஒரு ஆட்டோவில் ஆவுடையப்பனும் செல்லக்கனியும் வந்து இறங்கினார்கள்.

"கிடங்குத் தரை வேலை இன்னைக்கு ஆரம்பம் சார்" என்றார் ஆவுடையப்பன். "என் பக்கம் 'கிடங்கு, தரை'ன்னு இருக்கு."

"என் பக்கம் மேஸ்திரி புதுசா ஒரு பேரு கொடுத்திருக்காரு" என்று செல்லக்கனி போனை நீட்டினாள். 'மேனேஜர் சிரிச்ச இடம்' என்று இருந்தது.

இருவரும் மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தார்கள். அது வயிற்றுவலிக்காரனின் முகம்போல இருந்தது.

"ஒத்துப்போகலையே சார்" என்றாள் செல்லக்கனி வருத்தமாக.

மாசிலாமணி யோசித்தார். வாழ்க்கையில் முதன்முறையாக, செய்வதற்கு முன்னால் யோசித்தார்.

"பேரை மாத்தக் கூடாது."

"கூடாது சார்."

"அப்ப தப்பு என் மூஞ்சிலதான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கால் மணி ஆனதும் நிறுத்தப் போனார். செல்லக்கனி விடவில்லை.

"தரை வேலை காலையிலருந்து சாயங்காலம் வரை சார். அவ்வளவு நேரமும் பதியணும்ல?"

இப்போதும் செங்கல் சூளைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். தரை வேலை இன்னும் முடியவில்லை. சிரிக்கிற ஆள் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அந்த இடத்துக்குச் சிமென்ட் பூச முடியவில்லை என்கிறார் சூசை மேஸ்திரி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் சிரிக்க வேண்டுமா என்று மாசிலாமணி சென்னைக்குக் கேட்டு எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பாதிச் சிரிப்பாகச் சிரிக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் செல்லக்கனி நேர்மையாக அரை மணி என்று பதிந்து வருகிறாள்.